தெய்வம் உடுத்திய துணி



திருப்பூருக்கு அருகே, நொய்யல் ஆற்றங்கரையில், மங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் முதலில் அவர் காதில் விழுவது விசைத்தறியின் ஓசை. இரவிலும் அது ஓயாது. தறிச் சத்தம் நின்றால்தான் எங்களூர்க் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும் என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு. காடாத் துணிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அந்தத் தறிக் கொட்டகைகளில் எதனுள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தெய்வப் படம் இருக்கக் காணலாம். சிலவற்றில் முருகன், சிலவற்றில் மெக்கா மதினாப் படம், சிலவற்றில் மாதா. எங்கள் கொட்டகையில் இருந்தது கஜலக்ஷ்மி. ஏதோ ஒரு கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டர்ப் படம் அது. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, படத்துக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். பஞ்சுத் தூசி அந்தக் கண்ணாடியின்மேல் பனிபோலப் படியும். வெள்ளிக்கிழமைதோறும் என் அப்பத்தா அதை முந்தானையால் துடைத்து, குங்குமம் வைப்பாள்.

நான் நகரத்துக்குச் சென்று ஓவியம் பயின்று திரும்பிய நாளில், அந்தப் படத்தைப் பார்த்து, “இதெல்லாம் ஓவியமா, அப்பத்தா? மிட்டாய்க் கடைச் சாயம்!” என்று சொன்னேன். அப்பத்தா கோபித்துக்கொள்ளவில்லை. “ஏஞ்சாமி, கரை எத்தனை சுத்தமா விழுந்திருக்குது, அதைப் பாரு” என்றாள். தெய்வத்தின் முகத்தையோ, தாமரையையோ, யானைகளையோ அவள் காட்டவில்லை. சேலையின் கரையைக் காட்டினாள். நெசவுக் குடும்பத்துப் பெண்ணின் பார்வை அப்படித்தான் போகும் என்று அன்று நான் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் இன்று உங்களிடம் பேச வேண்டியிராது. பின்னர் நான் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியனானேன். 1980-களின் நடுவில் ஒரு நாள், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சார்ட்டுத் தாளில் மகாலக்ஷ்மியை வரைந்து கொண்டுவந்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. காலண்டரைப் பார்த்து வரைந்திருக்கிறான் என்பது கண்டவுடனே தெரிந்தது. ஆனால் சேலையை மட்டும் காலண்டரில் உள்ளபடி அவன் வரையவில்லை. தேவியின் முழங்கால் மடங்கியிருக்க, அதன்மேல் கிடந்த சேலையோ ஒரு மடிப்புமின்றி, தறியில் விரித்துக் கட்டிய பாவுபோலத் தட்டையாக இருந்தது. கரையில் இருந்த ஒவ்வொரு கோபுரமும் ஒவ்வொரு அன்னமும் முழுமையாகத் தெரிந்தன. நான் சிவப்பு மையை எடுத்து, அந்தச் சேலையின் குறுக்கே, “காலண்டரைப் பார்த்து எழுதாதே. மடிப்பு எங்கே?” என்று எழுதினேன். பையன் தாளைச் சுருட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒரு படமும் கொண்டுவந்து காட்டவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளான பின், என் மகன் ஒரு காலண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். ஸ்பெயின் நாட்டிலிருந்து பனியன் வாங்க வந்த ஒருவர் அதை அவனுக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு ஓவியங்கள். எல்லாம் தென் அமெரிக்காவில், ஸ்பானியர் ஆண்ட காலத்தில், அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வரைந்த கிறிஸ்தவ சமயச் சித்திரங்கள். நான் மேசையருகே நின்றபடியே ஏடுகளைப் புரட்டினேன். மூன்றாவது ஏட்டில் என் கை நின்றுவிட்டது.

கன்னி மரியாள் குழந்தை இயேசுவை ஏந்தி அமர்ந்திருக்கிறாள். முழங்கால் மடங்கியிருக்கிறது. மேலங்கியில் நிழலும் ஒளியும் காட்டி மடிப்புகள் வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த மடிப்புகளைச் சிறிதும் பொருட்படுத்தாமல், அவற்றின்மீது தங்க இலையால் பூவேலை பதிக்கப்பட்டிருக்கிறது. பூக்கள் மடிப்புக்குள் நுழைந்து மறையவில்லை, வளையவுமில்லை. விரித்த துணியின்மேல் இருப்பதுபோல முழுமையாக, தட்டையாக இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சிவப்பு மை கொண்டு அடித்த அதே பிழை!

அதன் பிறகு சில மாதங்கள் அந்த ஓவியங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அறிந்தவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

பெரு நாட்டின் மலைகளின்மேல், கடல் மட்டத்துக்குச் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், கூஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. இன்கா மன்னர்களின் தலைநகரமாக விளங்கிய ஊர். 1533-இல் ஸ்பானியர் அதனைக் கைப்பற்றினர். கோயில்களை இடித்தனர், சூரிய வழிபாட்டை ஒடுக்கினர், மாதா கோயில்களை எழுப்பினர். எழுத்தறியாத மக்களுக்குப் புதிய சமயத்தை ஊட்டுவதற்குப் படங்கள் வேண்டியிருந்தன. அவற்றை வரைய 1583-இல் பெர்னார்தோ பித்தி என்ற இத்தாலியப் பாதிரியார் கூஸ்கோவுக்கு வந்தார். ஆண்ட்வெர்ப் முதலிய ஐரோப்பிய நகரங்களில் அச்சான படங்களும் கப்பலேறி வந்தன. அவற்றைப் பார்த்து வரையும்படி உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஆம், அவர்களும் அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தவர்களே!

1650-இல் பெரிய நிலநடுக்கம் கூஸ்கோவைத் தரைமட்டமாக்கியது. கோயில்களை மீண்டும் கட்டியபோது ஓவியர்களுக்கு வேலை குவிந்தது. ஸ்பானிய ஓவியரும் உள்ளூர் ஓவியரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். மனக்கசப்பு மூண்டு, 1688-இல் உள்ளூர் ஓவியர்கள் சங்கத்தைவிட்டு வெளியேறித் தனியே தொழில் நடத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் கூஸ்கோ ஓவியம் அந்த மண்ணின் ஓவியமாயிற்று என்று கலை வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஐரோப்பியரின் தூரநோக்கு விதிகளை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. தங்கத்தை அள்ளி வைத்தார்கள். வானதூதரின் கையில் யாழுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்து, சரிகை அங்கி அணிவித்து, ஊர்ப் பெரிய மனிதரைப்போல நிறுத்தினார்கள். தியேகோ கிஸ்பே தித்தோ என்பவர் 1681-இல் மேஷம், ரிஷபம் முதலிய இராசிகளைக் கொண்டு ஒரு வரிசை ஓவியங்கள் தீட்டினார். ஒவ்வோர் இராசியோடும் இயேசு சொன்ன கதை ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் மூலம் ஐரோப்பிய அச்சுப் படங்களே. சூரியனையும் விண்மீன்களையும் தொழுத மக்களை அந்த வழியாகவே புதிய சமயத்துக்கு அழைத்துவர அது உதவியிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்க்கோஸ் சபாத்தா என்பவர் கூஸ்கோப் பெருங்கோயிலுக்கு இயேசுவின் கடைசி விருந்தை வரைந்து கொடுத்தார். மேசையின் நடுவில் தட்டில் இருப்பது அந்த மலைநாட்டார் விருந்துக்குச் சமைக்கும் கினிப்பன்றி. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நம் ஊரில் ஒருவர் வரைந்திருந்தால் அந்தத் தட்டில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அது வேறு கதை.

துணிக்கு வருகிறேன். இன்கா நாட்டில் மிக நுண்ணிய நெசவுத் துணிக்குப் பொன்னைவிட மதிப்பு அதிகம். அரசன் ஒருவனைப் பெருமைப்படுத்த விரும்பினால் துணி தருவான். தெய்வத்துக்கும் துணியைப் படைப்பார்கள். அப்படிப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், வெளிநாட்டார் கொணர்ந்த தாய்த் தெய்வத்தை வரையும்படி ஏவப்பட்டபோது, முகத்தை அச்சுப் படத்தில் இருந்தபடியே வரைந்தார்கள். துணியை மட்டும் தங்கள் விருப்பப்படி நெய்தார்கள் என்பது என் எண்ணம். மடிப்பில் மறையும் பூ அவர்களுக்கு இழப்பாகத் தோன்றியிருக்கும். நெய்தவன் விரலுக்குத்தான் தெரியும், ஒரு பூவுக்கு எத்தனை இழை என்பது.

மெக்ஸிகோ நாட்டார் போற்றும் குவாதலூப்பே அன்னையின் படமும் துணியில்தான் இருக்கிறது. 1531-இல் ஓர் ஏழைக் குடியானவனின் மேற்போர்வையில் அன்னையின் உருவம் தானாகப் பதிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. கற்றாழை நாரால் நெய்த முரட்டுத் துணி என்றும், இரண்டு துண்டுகளை நடுவே தைத்து இணைத்தது என்றும் சொல்கிறார்கள். உழைப்பவன் தோளில் கிடந்த அந்தப் போர்வைதான் இன்று மெக்ஸிகோ நகரத்துப் பேராலயத்தில் வணங்கப்படுகிறது.

கொடுமையான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இன்று பொலிவியா நாட்டில் உள்ள பொத்தோசி மலையில் 1545-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. ஊர்தோறும் முறைவைத்து ஆட்களைப் பிடித்து அந்தச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். போனவர் பலர் திரும்பவில்லை. அந்த மலையையே மாதாவின் அங்கியாக ஒருவர் வரைந்திருக்கிறார். கூம்பிய மலையின் உச்சியில் முகம், இருபுறமும் கைகள், அங்கியின்மீது பாதைகளும் மரங்களும் மனிதரும் விலங்குகளும். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. தம் மக்களை விழுங்கிய மலையை அந்தக் கலைஞர் தாயாக வரைந்ததன் காரணத்தை யாரிடம் கேட்பது? அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். நம் நாட்டுச் செய்தி ஒன்று அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் ஆலைத் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்ததை அறிவீர்கள். நம் கைத்தறிக்காரர் பலரைத் தறியைவிட்டு எழுப்பிய துணி அது. அந்தத் துணியின்மேல் வண்ண அச்சில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் யாருடைய படம் என்று நினைக்கிறீர்கள்? நம் லக்ஷ்மி, நம் கிருஷ்ணன், நம் பிள்ளையார். எந்த ஆலைத் துணி என்று எழுத்தறியாதவரும் கண்டுகொள்வதற்காக இங்கிலாந்திலே அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். நம் மக்கள் துணியை உடுத்தினார்கள். லேபிளை எடுத்துப் பூஜையில் வைத்தார்கள். தன் தறியை நிறுத்திய துணியோடு வந்த தெய்வத்துக்கு விளக்கேற்றியவரும் அவர்களில் இருந்திருப்பார்.

அந்தக் காலத்தை நினைத்தால் இரவி வர்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவாங்கூர் அரண்மனையில் வளர்ந்தவர். 1868-இல் அங்கு வந்திருந்த தியோடோர் ஜென்ஸன் என்ற ஐரோப்பிய ஓவியர் எண்ணெய் வண்ணம் தீட்டுவதை அருகிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1884-இல், கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், “இவற்றை அச்சடித்தால் எல்லோரும் பெறலாமே” என்ற கருத்துப்பட அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1894-இல், பம்பாயில் இரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. கல்லச்சு முறை, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். ஜெர்மனியிலிருந்து பொறியும் வந்தது. தொழில் தெரிந்தவரும் வந்தனர். கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் குடிசைச் சுவருக்கும் லக்ஷ்மியும் சரஸ்வதியும் வந்து சேர வழி பிறந்தது.

1888-இல் பரோடா மன்னர் புராணச் சித்திரங்களை வரையச் சொன்னபோது, இரவி வர்மா தம் தம்பியுடன் வட நாடெங்கும் சுற்றினார். புராண மாந்தருக்கு என்ன உடை உடுத்துவது என்று தேடிய பயணம் அது. இறுதியில் அவர் கையாண்டது பெரும்பாலும் நம் பெண்கள் உடுத்தும் புடவையைத்தான். அவருடைய சரஸ்வதி உடுத்தியிருப்பது பொன்கரையிட்ட வெள்ளைப் புடவை. இன்று கண்ணை மூடிக்கொண்டு சரஸ்வதியை நினைத்தால் நம்மில் பலர் மனத்தில் எழுவது அந்தப் புடவையே. ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞர்கள் இரவி வர்மாவைக் கடுமையாகக் கண்டித்தார்கள். நாடக மேடைத் தோற்றம், அயலார் முறை என்றார்கள். அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. நான் நகரத்தில் கற்றுவந்தது அந்தக் கண்டனத்தைத்தான். மிட்டாய்க் கடைச் சாயம் என்ற என் சொல்லுக்கு மூலம் அதுவே. ஆனால் இரவி வர்மா மடிப்பை விடவில்லை. ஐரோப்பியர் போலவே அவருடைய கரைகள் மடிப்போடு வளைந்து மறையும்.

மடிப்பை விட்டுக் கரையை மீட்டவர்கள் பின்னால் வந்தார்கள். அவர்களில் முதல்வராகச் சொல்லத் தக்கவர் கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கியவர். பிறகு நாடகக் கம்பெனியில் திரை எழுதியவர். ஊர் ஊராகச் சென்ற அந்தக் கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்டுடியோ வைத்தார்; மாணவர்களைப் பயிற்றினார். அருகிலே சிவகாசி. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923 வாக்கில் திரும்பிய இருவரால் அங்கே அந்தத் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. அச்சுத் தொழில் காலண்டரைக் கொண்டுவந்தது. காலண்டருக்குத் தெய்வம் தேவைப்பட்டது. கோவில்பட்டியார் வரைந்து கொடுத்தார்கள். 1976-இல் கொண்டைய ராஜு மறைந்த பின்னும் அவர் மாணவர்களின் கை ஓயவில்லை.

அந்தப் படங்களில் முகத்துக்கும் உடலுக்கும் இரவி வர்மாவின் நிழலும் ஒளியும் உண்டு. ஆனால் நகையும் சேலைக் கரையும் தஞ்சாவூர்ச் சித்திரத்தின் வழியில் வந்தவை. மராட்டிய மன்னர் காலத்துத் தஞ்சை ஓவியர்கள் பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு மேடுகட்டி, அதன்மேல் தங்க ரேக்கைப் பதித்தார்கள். அங்கும் தங்கம் மடிப்பதில்லை. கூஸ்கோவும் தஞ்சாவூரும் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல. ஆயினும் இரண்டிடத்திலும் தெய்வத்தின் துணி விரித்தபடியே கிடக்கிறது. எங்கள் கொட்டகைக் கஜலக்ஷ்மியின் கரையும் அப்படித்தான் இருந்தது. அப்பத்தா கரை சுத்தமாக விழுந்திருக்கிறது என்று சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள, ஸ்பெயின் நாட்டு வியாபாரி ஒருவர் காலண்டர் அனுப்ப வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் பழைய தறிகளை விற்றோம். கிலோக் கணக்கில், பழைய இரும்பாக. கொட்டகையைக் காலி செய்தபோது கஜலக்ஷ்மி படத்தின் அட்டையைக் கரையான் அரித்திருந்தது. உடைந்த படத்தை ஆற்றில் விடுவது வழக்கம். நொய்யல் இருக்கும் நிலைமையில் அதற்கு மனம் வரவில்லை. அரசமரத்தடியில் வைக்கலாம் என்றால், அங்கே ஏற்கெனவே சட்டமுடைந்த சாமிகள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அந்த ஏழாம் வகுப்புப் பையனின் நினைவு வந்தது.

அவர் இன்றும் எங்களூரில்தான் இருக்கிறார், ஐம்பது வயதாகிறது. எட்டுத் தறி ஓட்டுகிறார். படத்தையும் ஸ்பெயின் காலண்டரையும் எடுத்துக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலண்டரை விரித்துக் காட்டினேன். ஒன்றும் விளக்கவில்லை. அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இவங்க தறிக்காரங்களுங்களா?” என்று கேட்டார்.

நான் மாதக்கணக்கில் படித்து அறிந்ததை அவர் ஒரு நொடியில் கேட்டுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கிப் பழைய கதையைத் தொட்டேன். சிவப்பு மையை நினைவூட்டினேன். அவர் மறக்கவில்லை.

“அது காலண்டர்ச் சேலை இல்லீங்க ஐயா. எங்கம்மாவோட கூறைச்சேலைங்க. பழைய ஜரிகைக்காரனுக்குப் போடறதுக்கு முந்தின ராத்திரி விரிச்சு வெச்சுப் பார்த்து எழுதினனுங்க. மடிப்புப் போட்டா பாதி அன்னம் மறைஞ்சு போயிருமுங்களே.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கஜலக்ஷ்மியைத் தாமே எடுத்துக்கொண்டு, புது அட்டை போட்டுத் தருவதாகச் சொன்னார். ஸ்பெயின் காலண்டரில் அந்த மூன்றாம் ஏட்டை மட்டும் தர முடியுமா என்று கேட்டார். அங்கேயே கிழித்துக் கொடுத்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து, தேதிப் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு, சுவரில் தம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார். பிறகு தறியை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.